உலகம் கடன் வாங்கிய இழிவு

சென்ற மாதம் நமதூரில் நடந்த ஒரு தமிழ் விழாவிற்கு நாமும் போயிருந்தோம். அங்கு ஒரு பண்டிதர், தமிழானது உலக பாஷைகளுக்குக் கொடுத்த சொற்கள் என்பது பற்றி ஒரு மணி நேரம் பேசினார். கட்டுமரம் வெள்ளைக்காரன் வாயில் கட்டமரான் ஆயிற்றென்றும், சுருட்டு செரூட் ஆயிற்றென்றும், கறி கர்ரி ஆயிற்றென்றும், மிளகுத் தண்ணீர் முல்லிகட்டானி என்று பெயர் பூண்டு லண்டன் மேஜை மீது ஏறிற்றென்றும், அரிசியும் ரைஸும் ஒன்றே என்றும் அவர் சொல்லச் சொல்ல ஜனங்கள் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். (அரிசி விஷயத்தில் மொழி ஆராய்ச்சிக்காரர்களுக்குள் தகராறு உண்டு. பண்டிதருக்கு அது ஒரு தடையாக இல்லை.)

பேச்சு முடிகிற சமயத்தில் நாம் ஒரு சீட்டெழுதி மேடைக்கு அனுப்பினோம். "ஐயா, தாங்கள் சொன்ன சொற்களைப் போலவே பல பாஷைகளில் பரவியிருக்கிற தமிழ்ச் சொல் ஒன்று உண்டே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பறையர் என்ற சொல் பரையா ஆன கதையைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருந்தோம். பண்டிதர் சீட்டைப் படித்தார். தலைவரிடம் காட்டினார். பிறகு, "இது சபையில் சொல்லத்தக்க சொல் அல்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சபையில் சொல்லத்தகாத சொல்லாக அதை ஆக்கினவர் யார் என்பதுதான் நமது கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் போனதால், பண்டிதர் விட்டதை நாம் சொல்ல வேண்டியதாகிறது. நாம் காலேஜுக்குப் போய்ப் படித்தவரல்ல. டீக்கடைப் பத்திரிகையையும் பழைய அகராதியையும் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் கற்றவர். ஒரு நாள் இங்கிலீஷ் பத்திரிகையில் ஏதோ ஒரு தேசத்தை 'பரையா தேசம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அர்த்தம் தெரியாமல் அகராதியைப் புரட்டினோம். 'எல்லோராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவன்' என்று போட்டு, கீழே 'தமிழ்ச் சொல்' என்றும் போட்டிருந்தது. அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பறை என்றால் கொட்டு. தொல்காப்பியத்தில் நிலத்துக்கு நிலம் கருப்பொருள் சொல்லுகிற இடத்தில், தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டிருக்கிறது. அதாவது மலைக்காரனுக்கும், காட்டுக்காரனுக்கும், வயல்காரனுக்கும், கடற்கரையானுக்கும் ஒவ்வொரு பறை இருந்தது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் 'பற' என்றால் 'சொல்' என்றுதான் அர்த்தம். அங்கே எந்த நம்பூதிரியும் அந்தச் சொல் வாயில் பட்டதென்று ஸ்நானம் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. புறநானூற்று 335ஆம் பாட்டில் பறையனும் பாணனும் மற்ற இரண்டு குடிகளோடு சேர்த்துச் சொல்லப்படுகிறார்கள். அங்கு இழிவு என்கிற பேச்சே இல்லை. இவையே குடிகள் என்கிற பெருமைதான் இருக்கிறது.

கால்டுவெல் முதலானவர்கள் ஜாதிப் பெயரைப் பறையிலிருந்துதான் பிறப்பிக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதரோ அதை ஒப்பவில்லை. அம்மக்கள் பூர்வத்தில் பவுத்தர்கள் என்றும், அப்பெயர் விரோதிகளால் சூட்டப்பட்டதென்றும் அவர் தமது பத்திரிகையில் வருஷக்கணக்காக வாதாடினார். எது எப்படியிருந்தாலும் ஒன்று நிச்சயம். அந்த ஜாதியாரில் பெரும்பாலோர் பறையடித்துப் பிழைத்தவர்களல்ல. ஏர் பிடித்தும், நாற்று நட்டும், ஏற்றம் இறைத்தும், மற்றவர்கள் சாப்பிடுகிற நெல்லை விளைவித்தவர்கள். ஒரு சிலர் தொழிலை எல்லோர் தலையிலும் கட்டி, பிறகு அந்தத் தொழிலையே தீட்டாக்கி, பிறகு அந்தத் தீட்டை அவர்கள் பிள்ளை குட்டிகளுக்கெல்லாம் சொத்தாக எழுதி வைத்ததுதான் நம் முன்னோர் செய்த தர்மம்.

தோல் தொட்டதால் தீட்டு என்பார்கள். அப்படியானால் மிருதங்கம் எதனால் ஆனது? பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம் பேசும். தோலை உரித்துப் பதம் செய்து வார் பிடித்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் யார் என்பதும் ஊரறிந்த சங்கதி. சபாவில் அதே தோலின் மேல் விரல் பட்டால் நாதப்பிரம்மம். தெருவில் குச்சி பட்டால் தீட்டு! பசுவுக்கே தெரியாது தன் தோல் எந்த இடத்தில் புனிதமாகிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்று.

நிற்க. இந்தச் சொல் கப்பலேறின கதைக்கு வருவோம்.

கண்ணனூரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த துவார்த்தே பார்போசா என்கிற போர்த்துகீசியர், சுமார் 1516ஆம் வருஷத்தில் எழுதிய புத்தகத்தில் இப்பெயரைக் குறித்து, தாழ்ந்தவர்கள், ஒதுக்கிடங்களில் வசிப்பவர்கள் என்று வைத்திருக்கிறார். அது மலையாளக் கரை. அங்கும் இதே ஜாதிப் பெயர் உண்டு. பிறகு 1613இல் பர்ச்சாஸ் என்கிற இங்கிலீஷ் பாதிரி தமது யாத்திரைப் புத்தகத்தில் இதை இங்கிலீஷில் எழுதினார். இந்தப் பாதிரி இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்ல. பிறர் எழுதினதைத் திரட்டிப் புத்தகம் போட்டவர். ஆகவே இங்கிலீஷ்காரனுக்கு முதன்முதலில் கிடைத்தது மனிதனல்ல, அவனைப் பற்றிய வசை. அந்த வசையும் அவனுக்கு வானத்திலிருந்து விழவில்லை. கரையில் இறங்கினவனுக்குத் துபாஷியாகவும், தரகனாகவும், உபாத்தியாயனாகவும் நின்றவர்கள் மேல்ஜாதிக்காரர்கள். அவர்கள் எந்த முகச்சுளிப்போடு சொன்னார்களோ, அந்த முகச்சுளிப்பையே அவன் அர்த்தமாக எழுதிக்கொண்டான். சேரிக்குள் போய், "உங்களுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று எவன் கேட்டான்?

உருவத்தையும் பாருங்கள். பறையர் என்று நாம் சொல்லுகிற பன்மையைத்தான் இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான். எடுத்தவன் கடைசி எழுத்தைத் தின்றுவிட்டு 'பரையா' என்றான். வல்லின றகரம் அவன் நாக்கில் இல்லாததால் அதுவும் போயிற்று. போர்த்துகீசியன் முதல் எழுத்தை அழுத்திப் 'பாரியா' என்றான். பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி, ஜெர்மன், டச்சு, போலந்து, ருஷியா, ஹங்கேரி, கிரேக்கம் ஆகிய அத்தனை பாஷைக்காரரும் கொஞ்சம் நீட்டியோ குறைத்தோ அதையே வைத்துக்கொண்டார்கள். துருக்கியிலும் 'பார்யா' இருக்கிறது. ற போயிற்று, ர் போயிற்று, பறை போயிற்று. போகாமல் கூடவே சென்றது இழிவு ஒன்றுதான்.

அம்மட்டோடு நிற்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரன் மிருகம் பட்சிகளுக்கும் நம் வருணாசிரமத்தை வைத்துவிட்டான். சொந்தக்காரன் இல்லாத தெருநாய்க்கு அவன் வைத்த பெயர் 'பரையா நாய்.' மட்டமான சாராயம் 'பரையா சாராயம்.' கோவில் மாட்டுக்குப் 'பிராமினி காளை.' எல்லாவற்றிலும் வேடிக்கை பருந்து விஷயம். சிவப்பு முதுகும் வெள்ளைக் கழுத்தும் உள்ள பருந்தை நம்மவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்களல்லவா? அதற்கு இங்கிலீஷில் 'பிராமினி பருந்து' என்று பெயர். ஊருக்குள் வட்டமிடுகிற கரும்பருந்துக்குப் 'பரையா பருந்து' என்று பெயர். இரண்டும் செத்ததைத் தின்கிற பட்சிகள்தான். கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள், பிராமினிப் பருந்து செத்த மீனுக்கும் நண்டுக்கும் எப்படி அலைகிறது என்று. தீனியில் பேதமில்லை, நிறத்தில்தான் பேதம். இதில் இன்னொரு தமாஷ், அந்தப் 'பரையா பருந்து'க்குப் பட்சி சாஸ்திரக்காரர் லத்தீனில் வைத்த பெயரில் 'கோவிந்தா' என்கிற சொல் இருக்கிறது. வைதீகர்கள் இதற்கு என்ன பிராயச்சித்தம் சொல்லுவார்களோ நமக்குத் தெரியாது.

ஆனால் ஒரு சங்கதியை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லுக்கு மானம் வந்த காலமும் ஒன்று உண்டு. அது வந்த இடம் தமிழ்நாடு அல்ல, பிரான்ஸ்.

1791ஆம் வருஷம், அதாவது பிரெஞ்சுப் புரட்சி மூண்டு அரசனும் பாதிரியும் நடுங்கிக்கொண்டிருந்த சமயம், பெர்னார்தன் தெ சேன் பியேர் என்பவர் 'இந்தியக் குடிசை' என்று ஒரு சிறு கதை வெளியிட்டார். உண்மையைத் தேடிப் புறப்பட்ட ஒரு இங்கிலீஷ் பண்டிதன் ஜகந்நாதத்துக் கோவிலுக்குப் போய் அங்குள்ள பிராமணத் தலைவனைக் கேட்கிறான். அங்கு கிடைத்தது ஆடம்பரமும் அகம்பாவமுமே. திரும்பும் வழியில் புயலில் அகப்பட்டு ஒரு குடிசையில் ஒதுங்குகிறான். அது ஊராரால் தள்ளிவைக்கப்பட்டவனுடைய குடிசை. அவனிடத்தில்தான் பண்டிதனுக்கு அறிவு கிடைக்கிறது. அவன் மனைவி யார் தெரியுமா? புருஷனோடு கட்டையில் வைத்து எரிக்கப்படாமல் தப்பி வந்த ஒரு பிராமண விதவை. கதாசிரியர் சேரியைக் கண்டவரல்ல, கதையும் கற்பனைதான். ஆனாலும் கோவிலையும் குடிசையையும் எதிரெதிரே வைத்து எங்கே மனிதன் இருக்கிறான் என்று கேட்டாரே, அந்த வருஷத்தில் நம் புலவர்கள் எந்த ஜமீன்தார் மீது பிள்ளைத்தமிழ் பாடிக்கொண்டிருந்தார்கள்?

அதற்குப் பின் 1821இல் தெலவீஞ் என்பவர் பாரிசில் 'பரியா' என்றே ஒரு நாடகம் போட்டார். 1829இல் தோனிசேத்தி என்கிற இத்தாலிக்காரர் நேப்பிள்ஸில் அதைச் சங்கீத நாடகமாக்கினார். ஜெர்மனியில் கெதே என்ற பெருங்கவி 1824இல் இதே தலைப்பில் மூன்று பாட்டு வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கதை நம் ஊர் மாரியம்மன் கதை; சொன்னெரா என்ற பிரெஞ்சு யாத்திரிகன் எழுதிப்போனது. தலை ஒரு பிராமணத்தியுடையது, உடல் கீழ்ஜாதிப் பெண்ணுடையது என்று ஒட்டவைத்த அந்தப் புராணத்தை நம்மவர்கள் கூழ் ஊற்றிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அங்கே ஒருவன் அதை வைத்துக்கொண்டு கீழே தள்ளப்பட்டவனுக்கும் ஆண்டவனிடத்தில் பங்கில்லையா என்று கேட்டான். ஆண்டவனிடத்தில் பங்கு கேட்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அங்கு ஒதுக்கப்பட்டவர்கள் இந்தச் சொல்லைத் தாங்களாகவே எடுத்து மார்பில் குத்திக்கொண்டார்கள். 1823இல் பெர்லினில் 'பாரியா' என்கிற நாடகம் எழுதி நடத்திய மைக்கேல் பேயர் ஒரு யூதர். கதை இந்தியாவில் நடக்கிறது. வலி ஜெர்மன் யூதனுடையது. ப்ளோரா திரிஸ்தான் என்கிற மாது, கொடுமைக்காரப் புருஷனை விட்டு வந்தவள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்தில் விவாகரத்தே கிடையாது. அவள் 1838இல் வெளியிட்ட தன் யாத்திரைப் புத்தகத்துக்கு 'ஒரு பரியாவின் அலைச்சல்கள்' என்று பெயர் வைத்தாள். அதே வருஷத்தில் அந்தப் புருஷன் அவளைத் துப்பாக்கியால் சுட்டான். பிழைத்தெழுந்து தொழிலாளர் சங்கம் வேண்டுமென்று ஊர் ஊராகப் பேசினாள். பிறகு மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மன் சமூக சாஸ்திரி யூதரைப் 'பாரியா ஜனம்' என்று சாஸ்திரச் சொல்லாகவே வைத்துவிட்டார். 1944இல், ஹிட்லர் யூதரைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த சமயம், ஹன்னா அரெண்ட் என்ற அம்மையார் 'பாரியாவாகிய யூதன்' என்று ஒரு கட்டுரை எழுதினார்.

இவர்களெல்லாம் அந்தச் சொல்லால் என்ன சொன்னார்கள்? "நாங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை, பிறப்பைக் காட்டி எங்களைத் தள்ளியிருக்கிறீர்கள்" என்றுதான் சொன்னார்கள். குற்றம் தள்ளினவன் மேல்.

இப்போதோ அது தலைகீழாகிவிட்டது. இன்றைக்கு இங்கிலீஷ் பத்திரிகையில் 'பரையா' என்றால் யார்? தன் துர்நடத்தையால் உலகத்தார் வெறுத்தவன். மோசடி செய்து பிடிபட்ட வியாபாரி, பக்கத்து நாட்டின் மேல் படையெடுத்த சர்வாதிகாரி, இவர்களுக்குத்தான் அந்தப் பட்டம். 1994 வரையில் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி நடந்ததல்லவா? கறுப்பனுக்குத் தனித் தெரு, தனிப் பள்ளி, தனிக் கடற்கரை என்று சட்டம் போட்டு ஆண்ட ஆட்சி அது. அந்த ஆட்சியை உலகப் பத்திரிகைகள் என்னவென்று திட்டின? 'பரையா தேசம்' என்று! வாசகர்கள் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். தீண்டாமையைச் சட்டமாக்கி ஆண்டவனுக்குத் தீண்டப்படாதவனுடைய பெயர்! அக்கிரகார தேசம் என்று திட்டியிருந்தாலும் ஏதோ நியாயம் என்று ஒப்புக்கொண்டிருப்போம். அடித்தவனை வைய, அடிபட்டவன் பெயரை எடுத்துக்கொள்ளுவது எந்த நாட்டு நியாயம்?

இது வெறும் சொல் மாறாட்டம் என்று நாம் நினைக்கவில்லை. ஒதுக்கப்பட்டிருந்தால் அவன் ஏதோ செய்திருக்க வேண்டும் என்கிற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இதைத்தானே நம் நாட்டில் 'முன்வினை' என்றார்கள்? நீ சேரியில் பிறந்தது போன ஜன்மத்துப் பாவம் என்று சொல்லி அவனையே குற்றவாளியாக்கினார்களே, அந்தக் கர்ம வியாக்கியானத்தை ஜன்மத்தில் நம்பிக்கையில்லாத வெள்ளைக்காரன் தன்னை அறியாமலே தன் அகராதியில் ஏற்றிக்கொண்டுவிட்டான். சமஸ்கிருதம் படிக்காமலே மனு தர்மம் படித்தவனாகிவிட்டான்!

"சொல்லுக்கு இங்கிலீஷில் அர்த்தம் மாறிவிட்டது, சொல்லுகிறவனுக்கு ஜாதி நினைவே இல்லை, இதைப் போய்க் கிளறுவானேன்?" என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். சொல்லுகிறவனுக்கு நினைவில்லை என்பது வாஸ்தவம். கேட்கிறவனுக்கு? நமது நாட்டில் தாழ்த்தப்பட்ட ஒருவரைப் பொது இடத்தில் ஜாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் வருஷத்துச் சட்டப்படி தண்டனை உண்டு. அதே சொல்லை இங்கிலீஷ் உச்சரிப்பில் உருட்டித் தலையங்கத்தில் போட்டால் அது நல்ல நடை! சேரியில் பிறந்த ஒரு பிள்ளை கஷ்டப்பட்டு இங்கிலீஷ் படித்து, அந்தத் தலையங்கத்தில் தன் பாட்டன் பெயர் கொலைகாரனுக்கு அடைமொழியாக நிற்பதைப் படித்தால் அதற்கு எந்த மேதாவி சமாதானம் சொல்லுவார்?

மலேயாவில் நடந்ததையும் கேளுங்கள். அங்கு 1971இல் வந்த 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவலைப் பள்ளிக்கூடப் பாடமாக வைத்தார்கள். அதில் தோட்ட வேலைக்கு வந்த தமிழரைப் பற்றிச் சொல்லுகிற இடத்தில் இச்சொல் வருகிறது. தமிழர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 2011 கடைசியில் புத்தகத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கிளர்ச்சி சரிதான். ஆனால் கிளர்ச்சிக்காரரில் இரண்டு விதத்தார் இருந்தார்கள். "மனிதரை இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டவர்கள் ஒரு விதம். "கப்பலேறி வந்தவரெல்லாம் அந்த ஜாதியா? எங்களையும் அதில் சேர்ப்பதா?" என்று கேட்டவர்கள் மற்றொரு விதம். இந்த இரண்டாவது விதத்தாரை நாம் என்னவென்று சொல்லுவது? அவர்களுக்கு இழிவின் மேல் கோபமில்லை. விலாசம் தப்பிவந்துவிட்டதே என்றுதான் கோபம்.

மலேயாவுக்குப் போவானேன்? நமது இயக்கத்தவர் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்களிலும் இவ்வித ஆசாமிகள் உண்டு. 'சூத்திரன்' என்று மனு எழுதினதைப் படித்தால் இவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கவே வேண்டும். ஆனால் வீட்டில் மகன் அழுக்குச் சட்டையோடு வந்தால் எந்த ஜாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள்? மகள் காதலித்தால் எந்தத் தெருவின் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொள்ளுகிறார்கள்? பார்ப்பான் நம்மைச் சொன்னால் வசை, நாம் அடுத்தவனைச் சொன்னால் பழமொழி என்கிற கணக்குக்குச் சுயமரியாதை என்று பெயர் கிடையாது.

பாதிக்கப்பட்டவர்கள் சும்மா இருந்ததாகவும் எண்ணிவிடக் கூடாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எதைச் சொல்லி வைகிறாயோ அதை வாங்கி நான் தலைப்பில் போடுகிறேன், இப்போது என்ன செய்வாய் என்று கேட்டது போலிருந்தது அது. ப்ளோரா திரிஸ்தான் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் கடன் வாங்கினது. சீனிவாசன் சூட்டிக்கொண்டது சொந்தத் தழும்பு. பின்பு எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத உத்தரவாயிற்று. ஒருவர் பெயரை நிமிர்த்தப் பார்த்தார், மற்றொருவர் மாற்றப் பார்த்தார். இரண்டும் மானத்திற்காகவே. உலகத்து அகராதிகளோ இருவரையும் கேட்கவில்லை.

இப்போது பறைக்கு நல்ல காலம் என்கிறார்கள். பட்டணத்தில் படித்த வாலிபர்கள், பெண்கள் உட்பட, பறை கற்று மேடையில் அடிக்கிறார்கள். நமக்கும் பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. அந்தக் கைதட்டல் மேடையிலேயே நின்றுவிடாமல், இன்ன ஜாதியான்தான் சாவுக்கு அடிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிற கிராமம் வரைக்கும் கேட்க வேண்டும். ஊரார் வீட்டுப் பிணத்துக்கு அடிக்க மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு என்ன நடக்கிறது என்பது கிராமத்து வாசகர்களுக்கு நாம் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

பண்டிதரின் பேச்சை அந்தச் சங்கத்தார் சிறு புத்தகமாக அச்சிடப் போவதாகக் கேள்விப்பட்டோம். கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் நடுவில் இந்தச் சொல்லையும் போடுங்கள். இது எங்கள் மொழி கொடுத்தது, இதிலுள்ள இழிவு எங்கள் ஜாதி கொடுத்தது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். செலவானால் அந்தப் பக்கத்திற்கான காகிதக் கிரயத்தை நாம் கட்டுகிறோம் என்று சங்கத்தாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். இதை எழுதும் வரையில் பதில் இல்லை. வந்தால் எழுத்துக் குறையாமல் இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.